ஒரு குமிழ் வந்தால் போதும்

அம்மா குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர். நான் அவருக்குக் கையாள். அன்றைக்கு ஒரு மணி நேரமாக, கரையில் நின்ற மருந்துப் படகில் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம்.

படகின் கீழறையில் இருந்த குளிர்பெட்டி நின்றுபோயிருந்தது. அதன் குழாயில் எங்கோ ஓட்டை. உள்ளே இருந்த குளிரூட்டும் கேஸ் முழுக்கக் கசிந்துவிட்டது. தீவுக் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்தை ஐஸ் நிரப்பிய டப்பாவில் வைத்திருந்தோம். தீவுக்கு ஆறு மணி நேரப் பயணம். ஐஸோ பாதி உருகியாயிற்று.

"ஆச்சாம்மா?" என்று படகோட்டி மாமா மேலிருந்து எட்டிப் பார்த்தார். இது ஏழாவது தடவை.

"நீங்க கேக்கறதுக்குப் பயந்து பெட்டி ஜில்லுன்னு ஆயிடாது மாமா!" என்றேன்.

"வாயாடி! என் தங்கச்சி குழந்தைக்கும் அதுலதான் மருந்து இருக்கு."

ஏன்தான் அப்படிச் சொன்னோமோ என்று இருந்தது எனக்கு.

அம்மா குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்றினார். நான் வெளிப்பக்கம் சோப்பு நுரை தடவினேன். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் கிளம்பும். இரண்டு முறை தடவியும் ஒன்றுகூட வரவில்லை.

"குளிரூட்டுற கேஸ் ஒரே ஒரு சிலிண்டர்தான் இருக்கு. ஓட்டையை அடைக்காம ஏத்தினா அதுவும் போயிடும்" என்றார் அம்மா.

எனக்குக் கைகால் ஜில்லிட்டது. ஜில்லிட வேண்டிய பெட்டிதான் சும்மா இருந்தது.

"மாமா, எப்போ குளிர் குறைய ஆரம்பிச்சுது?"

"கரையில நிக்கறப்ப நல்லாத்தான் இருக்கும். படகு ஓட ஓடத்தான் குறையும்."

"அம்மா! அப்போ இன்ஜினைப் போட்டுட்டுத் தேடலாமே!"

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். "இன்ஜினைப் போடுங்கண்ணே!"

தரை அதிர்ந்தது. என் பற்கள்கூட ஆடின. பெட்டிக்குப் பின்னால் குழாய் ஓர் இரும்புப் பட்டையில் டக்டக்கென்று இடித்தது. அங்கே நுரையைத் தடவினேன். புஸ்ஸென்று ஒரு குமிழ்!

"கிடைச்சிடுச்சும்மா!"

இன்ஜினை நிறுத்தி, நைட்ரஜனை வெளியேற்றி, அம்மா ஓட்டையைப் பற்றவைத்து அடைத்தார். குழாய் இடிக்காதபடி ரப்பர் செருகினார். உள்ளே இருந்த காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சியெடுத்தார். பிறகு, கடைசி சிலிண்டரைத் திறந்தார்.

மறுபடி இன்ஜின் ஓடியது. மூவரும் அழுத்தமானியின் முள்ளையே முறைத்தோம். முள் நடுங்கியது. ஆனால் அது இறங்கவில்லை. சிறிது நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து குளிர் முகத்தில் அடித்தது.

மாமா மருந்துப் புட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார். கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தார்.

"கிளம்பட்டுமா?" என்று அம்மாவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.