கண்டிகைக்கு இறங்கிய டோலி

தங்கவேலுவின் வேட்டி நனைந்திருக்கவில்லை.

அதை முதலில் கவனித்தவன் பரசுராமன். மூன்று நாளாக ஐப்பசி மழை விடவில்லை. கரடிப்பாறைச் சரிவில் கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. காணாமல்போன தங்கவேலுவைத் தேடி வந்த மூன்று பேரும் தலையில் மடித்துப் போட்டிருந்த கோணியிலிருந்து தண்ணீர் நூல் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. மரமோ மறைப்போ இல்லாத மொட்டைப் பாறையின் நடுவில், மழை நேராக விழும் இடத்தில், மல்லாந்து கிடந்தவனின் வேட்டி மட்டும் வெயிலில் காயவைத்து எடுத்ததுபோல மொடமொடவென்று இருந்தது. பரசுராமன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான். அவன் விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. விறைத்த விரலுக்கு ஈரம் எது, காய்ந்தது எது என்று எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

"உசிரு இருக்குதுடா!" கஜபதி அண்ணன் மண்டியிட்டுத் தங்கவேலுவின் மார்பில் காது வைத்திருந்தார். "பங்காரு, கம்பளிய எடு. வாயில தண்ணி ஊத்தாத, துணிய நனைச்சி ஒதட்டுல வெச்சா போதும்."

பங்காரு, பரசுராமனின் மச்சான், அழுதுகொண்டே சிரித்தான். இருபத்திரண்டு வயது. அவன் மலையேறித் தேட வந்தது இது இரண்டாவது தடவை.

கஜபதி ரயில்வே கேங்கில் வேலை பார்ப்பவர். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் வழி தவறி மலைக்காட்டுக்குள் போனவர்கள், விறகுக்குப் போய்த் திரும்பாத பெண்கள், பள்ளத்தில் விழுந்த ஆட்டுக்காரர்கள் என்று யாரைக் காணவில்லை என்றாலும் ஊர் அவரிடம்தான் வந்தது. கே.ஜி.கண்டிகையிலிருந்து ஏழு பேரைச் சேர்த்து வைத்திருந்தார். கூலி கிடையாது. ஆனால் விதிகள் உண்டு. தனியாக யாரும் நகரக் கூடாது. பனி மூடினால் கூப்பிட்ட குரலை நோக்கி நடக்கக் கூடாது, விசிலை நோக்கித்தான் நடக்க வேண்டும். உலக யுத்தத்தின்போது சென்னைப் பட்டணத்தில் விமானத் தாக்குதல் காவலர்களுக்குக் கொடுத்த விசில்கள் இரண்டு அவர் கையில் வந்து சேர்ந்திருந்தன. மூன்று முறை சின்னதாக ஊதினால் ஆள் கிடைத்தான், உயிர் இருக்கிறது. ஒரே ஒரு நீளமான ஊதல் என்றால் பிணம்.

கஜபதி எழுந்து மூன்று முறை ஊதினார். ஓடை வழியாகச் சுற்றிப் போன ஆறுமுகத்தின் கூட்டம் எங்காவது கேட்டுப் பதில் ஊத வேண்டும். பனிக்குள் சத்தம் போயிற்று. பதில் வரவில்லை.

"கீழ போயிருப்பானுங்க," என்றார். "இருட்டறதுக்குள்ள எறங்கிடணும். லாந்தர்ல ரெண்டு வெரல் அளவு எண்ணெய்தான் கீது."

பரசுராமனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது அவனுக்குப் புதிதும் இல்லை. ஆறு வருஷத்தில் பதினொரு பேரை இந்தத் தோளில் சுமந்து இறக்கியிருக்கிறான். அதில் உயிரோடு வந்தவர்கள் நாலு பேர். முதல் பிணத்தை இறக்கிய அன்று ஓடைக்கரையில் குந்தி வாந்தி எடுத்தான். ஐந்தாவதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டுக் களி தின்றான். "போறப்போ மனுசனாத்தான் போற. வர்றப்போ மரம் மாதிரி வந்து குந்திக்கிற," என்று பெண்சாதி அன்னம்மாள் ஒருநாள் சொன்னாள். அவள் சொன்னது சரிதான் என்று தோன்றியது. அதற்காகவும் வருத்தம் வரவில்லை.

மூங்கில் கழியில் கம்பளியைத் தொட்டில்போலக் கட்டி, டோலியாக்கித் தங்கவேலுவை உள்ளே கிடத்தினார்கள். முன்முனை பங்காருவுக்கு, பின்முனை பரசுராமனுக்கு. கஜபதி கோலை ஊன்றி வழி பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். தூக்கியபோது பாரம் தெரியவே இல்லை. மூன்று நாள் பட்டினி கிடந்தவன், இளைத்திருப்பான். ஆனால் வாசனையும் இல்லை. மலையில் கிடந்தவர்களின் வாசனை பரசுராமனுக்குத் தெரியும். மூத்திரமும் வேர்வையும் பயமும் கலந்த புளித்த வாசனை. குளித்த பிறகும் இரண்டு நாள் மூக்கில் நிற்கும். கம்பளியிலிருந்து கம்பளி வாசனை மட்டும்தான் வந்தது.

சரிவு முழுக்கப் பனி. பத்தடிக்கு முன்னால் நடக்கும் கஜபதி பாதி உருவமாகத்தான் தெரிந்தார். கழி கிறீச் கிறீச் என்றது. எங்கோ பாறை இடுக்கில் தண்ணீர் விழும் சத்தம் கூடவே வந்தது; நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது.

"பின்னால யாரு?" என்றது கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"பரசுராமன்தான். பேசாத, தங்கவேலு. தெம்ப வெச்சிக்கோ."

ஒரு திருப்பம் இறங்கினார்கள்.

"வள்ளி வந்துகீறாளா?"

தங்கவேலுவின் பெண்சாதி வள்ளிநாயகி. சினைமாட்டைத் தேடிப் புருஷன் மலையேறிய திங்கட்கிழமையிலிருந்து ஏரிக்கரையில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். யாரோ கொண்டுவந்து தலையில் போட்ட ஓலைக்கூடையைக்கூடப் பிடித்துக்கொள்ளாமல் நின்றாள். காலையில் அவளைத் தாண்டித்தான் மேலே வந்தார்கள். "அழைச்சாந்துடுங்க அண்ணா," என்று அவள் கஜபதியிடம் சொன்னதைப் பரசுராமன் கேட்டான்.

"கீழ நிக்கிறா. மூணு நாளா அங்கதான் நின்னுகினு இருக்கிறா."

"ஆங்." ஒரு மூச்சு. "தனியாவா?"

பரசுராமன் பதில் சொல்லுமுன் கொஞ்சம் தாமதித்தான். ஏன் தாமதித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"தனியாத்தான்."

உள்ளே திருப்தியாக ஒரு சத்தம் வந்தது. பசித்தவன் முதல் கவளத்தை விழுங்கும்போது தொண்டையில் வருமே, அந்தச் சத்தம்.

பாதி மலை இறங்கியபோது கீழேயிருந்து விசில் கேட்டது. ஒரே ஊதல். நீளமானது. பனிக்குள் ஏறி, தேய்ந்து, நின்றது.

மூன்று பேரும் நின்றார்கள்.

"ஆறுமுகம் தப்பா ஊதறான்," என்றார் கஜபதி. தன் விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார். ஆள் கிடைத்தான், உயிர் இருக்கிறது.

 பிறகு மறுபடியும் அதே ஒற்றை ஊதல். இந்த முறை ஊதியவன் மூச்சு முட்டும்வரை ஊதினான். புரிந்துகொள்ளுங்கள் என்று கெஞ்சுவதுபோல இருந்தது.

கஜபதி திரும்பிக் கம்பளியைப் பார்த்தார். பிறகு பரசுராமனைப் பார்த்தார்.  "வேற யாரையாச்சும் கண்டிருப்பானுங்க. நான் ஓடிப் பாத்துட்டு வந்துடறேன். நீங்க எறக்கிகினே வாங்க. நிக்காதீங்க."

"தனியாவா போற அண்ணே?" என்றான் பங்காரு.

அவர் அதற்குள் பனிக்குள் இறங்கியிருந்தார். ஆறு வருஷத்தில் அவரே போட்ட விதியை அவர் மீறியதைப் பரசுராமன் அன்றுதான் பார்த்தான். கோல் கல்லில் தட்டும் ஓசை கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

நடந்தார்கள்.

செத்தவர்கள் கனப்பார்கள். இது யாரும் நம்பாத விஷயம், ஆனால் பரசுராமனின் தோள் அறிந்த விஷயம். போன வருஷம் பாஞ்சாலி என்ற விறகுக்காரியை இறக்கும்போது, அவள் உயிர் எந்தத் திருப்பத்தில் போனது என்பது அவன் தோளுக்குத்தான் முதலில் தெரிந்தது. கழி சட்டென்று ஒரு படி இறங்கி உட்கார்ந்தது. இப்போதும் கழி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு படி அல்ல. அடிக்கு அடி. முதலில் நெல் மூட்டை அளவு. பிறகு ஈர மூட்டை. பிறகு மூங்கில் நடுவில் வளைந்து, கம்பளியின் அடிப்பக்கம் புல்லை உரசத் தொடங்கியது.

"பாவா." பங்காரு அக்கா புருஷனைத் திரும்பிப் பார்க்காமல் பேசினான். "கனமா இல்ல?"

"கீது."

"செத்துட்டானா பாவா?"

"இல்ல," என்றது கம்பளி.

பங்காருவின் பிடரியில் மயிர் குத்திட்டு நிற்பதை அந்த மங்கல் வெளிச்சத்திலும் பார்க்க முடிந்தது. பையன் வாய்க்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.  பயம் பரசுராமனுக்கு நெஞ்சில் வரவில்லை. தோளிலிருந்து தொடங்கி, மேல் கை, முழங்கை, மணிக்கட்டு என்று மரத்துக்கொண்டே இறங்கியது. இப்போது வாசனையும் வந்தது. வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வரும் குளிர்ந்த மண்ணின் வாசனை.

கடைசிச் சரிவில் பனி விலகியது.

கீழே ஏரி ஈயத்தட்டுப் போலக் கிடந்தது. கரையில் ஒரு கட்டை வண்டி. ஆறுமுகத்தின் ஆட்கள் நாலு பேர் தலைகுனிந்து நின்றார்கள். அவர்கள் நடுவில் ஒரு பாய், பாயின் மேல் நீளமாக ஏதோ. அதன் மேல் கவிழ்ந்து கிடந்தாள் வள்ளிநாயகி. அவள் அழுகை இவ்வளவு தூரத்துக்கு நூல்போல ஏறி வந்தது.

கஜபதி இவர்களைப் பார்த்து இரண்டு கையையும் வீசிக்கொண்டு கத்தினார். காற்று பாதியைத் தின்றது.

"...போட்டுட்டு ஓடியாங்கடா! தங்கவேலு இங்க கெடக்கிறான்! ஓடையில... முந்தா நாளே செத்து... போட்டுட்டு வாங்கடா!"

பங்காரு நின்றான். பரசுராமனும் நின்றான்.

"வள்ளி அழுவுறா," என்றது குரல். தங்கவேலுவின் குரல்தான். கொஞ்சமும் மாற்றமில்லை. "நட."

பங்காரு கழியைத் தோளிலிருந்து உதறினான். விழுந்தான், உருண்டான், எழுந்தான், புதர்களைக் கிழித்துக்கொண்டு கீழே ஓடினான். அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கழி விழவில்லை.

முன்முனை பங்காருவின் தோள் இருந்த உயரத்திலேயே நின்றது. கீழே யாரும் இல்லை. வெறும் காற்று. அதற்கு அப்பால் ஏரி.

விட்டுவிட வேண்டும் என்று பரசுராமன் நினைத்தான். தெளிவாகத்தான் நினைத்தான். கையை எடு. தோளைச் சாய். ஓடு. கழியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தான். வேறு யாருடைய விரல்களோ போல இருந்தன. அவற்றுக்குச் சொன்னது கேட்கவில்லை.

கழி முன்னால் நகர்ந்தது. அவன் கால்கள் நடந்தன.

புல். கல். சேறு. கரை.

ஆறுமுகத்தின் ஆட்கள் பின்வாங்கினார்கள். ஒருவன் வண்டியின் மேல் ஏறினான். கஜபதி மட்டும் வழியை மறித்து நின்றார். "பரசுராமா, வுடுறா! வுட்டுட்டு வாடா!" அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பரசுராமன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். நாக்கும் மரத்திருந்தது. ஆளில்லாத முன்முனை அவர் மார்பில் இடித்துச் சேற்றில் தள்ளியது. அவன் அவரைத் தாண்டி நடந்தான்.

"வள்ளி," என்றது கம்பளி.

பாயின் மேல் கிடந்தவள் தலையைத் தூக்கினாள்.

அவளுக்கு எதிரே, பாயில், தண்ணீரில் ஊறி ஊதிப்போன அவள் புருஷன் கிடந்தான். மீன் கடித்த உதடு. காதில் அவள் போட்டு அனுப்பிய சிவப்புக் கடுக்கன். அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். டோலியைப் பார்த்தாள்.

"வள்ளி. குளிருது."

"போவாதம்மா!" என்று கஜபதி சேற்றிலிருந்து கத்தினார். "அது அவன் இல்ல!"

அவள் எழுந்தாள். மூன்று நாளாகத் தூங்காத அந்த முகம் விளக்கேற்றியதுபோல ஆனது. "வந்துட்டியா," என்றாள். "எனக்குத் தெரியும். இவங்கதான் என்னென்னமோ சொல்லிகினு..." ஓடி வந்தாள். கம்பளியின் ஓரத்தை விலக்கி, உள்ளே பார்த்து, ஒரு கணம் அப்படியே நின்றாள்.

அவள் என்ன பார்த்தாள் என்று பரசுராமனுக்குத் தெரியவில்லை. அவன் நின்ற இடத்திலிருந்து அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது. அதிலிருந்த வெளிச்சம் அணையவில்லை. கண்கள் மட்டும் மெல்ல மெல்லப் பெரிதாயின.

இரண்டு கைகள் வெளியே வந்து அவளை அணைத்தன. தொட்டிலில் ஏறும் குழந்தைபோல அவள் உள்ளே போனாள். கத்தவில்லை. கம்பளி மூடிக்கொண்டது.

பரசுராமனின் தோளில் பாரம் துளியும் கூடவில்லை.

கழியின் முன்முனை மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. அவன் நின்ற இடத்திலேயே அச்சாணிபோலச் சுழன்றான். ஏரி விலகியது. வண்டி விலகியது. பாயில் கிடந்தவன், சேற்றில் தவழ்ந்து வரும் கஜபதி, முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கும் பங்காரு, எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்வையிலிருந்து நழுவின.

எதிரே மலை நின்றது. சரிவில் பனி மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தது.

"பரசுராமா," என்றது உள்ளிருந்து வள்ளிநாயகியின் குரல், "நல்லா புடிச்சிக்கோ."

அவன் கால்கள் ஏறத் தொடங்கின.