புள்ளக்காம்பராவின் கயிறு

ஜன்னல் காற்றுக்கு எல்லாத் தொட்டில்களும் அசைந்தன. ஓரத்துத் தொட்டில் மட்டும் அசையவில்லை.

பிரஷாந்தினி வாசலிலேயே நின்றாள். நீண்ட உத்திரத்தில் பழைய புடவைகளை வரிசையாகத் தூளி கட்டியிருந்தார்கள். மற்றவை கொடியில் காயும் துணிபோல இலேசாகப் பறக்க, ஜன்னலுக்கு மிக அருகில் இருந்த அந்த ஒன்று நேராக, கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது ஏன் ஆடல்ல?" என்று கேட்டாள்.

"ஓரத்துக்குக் காத்து படாதுங்க டீச்சர்" என்றான் உதயராஜ். கஹவத்தைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் பழைய புள்ளக்காம்பராவைத் துப்புரவாக்கி மியூசியமாக மாற்றியவன் அவன். கொழுந்து பறிக்கப் போன தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம். அவன் பதில் சொன்னபோது தொட்டிலைப் பார்க்கவில்லை என்பதைப் பிரஷாந்தினி கவனித்தாள்.

பொம்மை எதையாவது உள்ளே ஒளித்து வைத்திருப்பான், அவள் கூட்டிவந்த பிள்ளைகளைப் பயங்காட்ட. அவள் கிட்டப்போய்த் துணியை விரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. உள்ளே கைவிட்டபோது, குழந்தையை யாரோ இப்போதுதான் தூக்கிக்கொண்டு போனதுபோல் இளஞ்சூடு. வெயிலாக இருக்கும் என்று நினைத்தாள். வெளியே வானம் காலையிலிருந்தே இருண்டு கிடந்தது.

அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. முன்பு இரண்டு தடவை கலைந்ததற்குப் பிறகு இவ்வளவு தூரம் வந்தது இதுதான். அதனால் அவள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள்: மாடிப்படியை, மீனை, அயல்வீட்டுக்காரியின் சிரிப்பை. வீட்டிலேயே இருந்து பயந்து சாவதற்கு மனமில்லாமல்தான் இந்தப் பயணத்தைத் தானே ஒழுங்கு செய்திருந்தாள். பஸ் ஏறும்போது உள்ளே இருப்பது புரண்டு, விலாவுக்குக் கீழே இரண்டு உதை உதைத்தது. அது அவளுக்குத் தைரியமாக இருந்தது.

பிள்ளைகளுக்கு இந்த இடம் பிடித்துவிட்டது. கரும்பலகையில் ஆண்டுகளை எழுதினால் கொட்டாவி விடும் ஒன்பதாம் வகுப்பு, இங்கே எதையும் விடாமல் தொட்டது, முகர்ந்தது, கேட்டது. எல்லாத் தொட்டில்களையும் கோத்துக்கொண்டு ஒரு கயிறு ஓடியது. ஒரே ஆயம்மா மூலையில் உட்கார்ந்து அதை இழுத்தால் எல்லாம் சேர்ந்து ஆடும் என்று உதயராஜ் சொன்னான்.

"நம்ம நிலுஷாவுக்கு ஒன்னு குடுங்க அண்ணே, வகுப்புல தூங்குறதே அவதான்" என்றான் டிலக்ஷன்.

"வாயப் பாரு. போன கிழமை நீ மேசையில எச்சி வடிச்சத சொல்லவா?" என்றாள் நிலுஷா.

சிரிப்பு அடங்கியதும் டிலக்ஷன் வேறு குரலில் கேட்டான். "பால் குடுக்கிற நேரம் எல்லா அம்மாவும் மலையில இருந்து வருவாங்களா?"

"ஹோர்ன் அடிச்சா ஓடி வருவாங்க."

"வர முடியாமப் போன அம்மாவோட புள்ள?"

உதயராஜ் கயிற்றின் முடிச்சை இறுக்கினான். "காத்துக்கிட்டு இருக்கும்" என்றான்.

டிலக்ஷன் ஓரத்துத் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தான். வரலாறு முதல் தடவையாக இவர்கள் தொண்டையில் இறங்குகிறது என்று பிரஷாந்தினிக்குத் தோன்றியது. அந்த நேரத்தை நழுவவிட அவளுக்கு மனம் வரவில்லை.

"யாராவது கயித்தை இழுத்துப் பாருங்க" என்றாள்.

ஒருவரும் முன்வரவில்லை. நிலுஷாதான் மெதுவாகச் சொன்னாள். "வெறுந்தொட்டில ஆட்டக்கூடாது டீச்சர். புள்ளைக்கு ஆகாதுன்னு எங்கம்மா ஏசுவாங்க."

எல்லாக் கண்களும் பிரஷாந்தினியின் வயிற்றில் வந்து நின்றன. அதுதான் அவளுக்குக் கோபமூட்டியது.

"இது வெறும் துணிதானே" என்று கயிற்றை எடுத்தாள்.

"நீங்க வேணாங்க டீச்சர்" என்றான் உதயராஜ், அவசரமாக.

"ஏன்?"

"இல்ல... தரை வழுக்கும்."

தரை காய்ந்து கிடந்தது. பிரஷாந்தினி கயிற்றை இழுத்தாள். உத்திரம் முனகியது. ஓரத்துத் தொட்டிலோடு எல்லாம் சேர்ந்து ஆடின. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மழை பிடித்தது மூன்று மணிக்குப் பிறகு. இரத்தினபுரிப் பக்கத்து மழை, தகரத்தில் கல் கொட்டுவதுபோல. பஸ் கீழே, பாதையோரத்தில் நின்றது. கூட வந்த ஆசிரியர் நிஸார் சேர் குடையை விரித்தார்.

"டீச்சர், நீங்க இரிங்க. இந்தப் படியில உங்களக் கூட்டிட்டுப் போக எனக்குப் பயமா இரிக்கி. புள்ளைகள ஏத்திட்டு, வேன் ஒன்ன சுத்துப் பாதையால மேல அனுப்பி வைக்கிறேன்."

உதயராஜ் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். குரல்கள் கீழே போய் மழைக்குள் மறைந்தன.

அவள் மூலையிலிருந்த ஆயம்மாவின் பலகையில் உட்கார்ந்தாள். அறைக்குள் ஈரச் சுண்ணாம்பின் வாசனையும், அதற்கு அடியில் புளித்த பாலின் வாசனையும் இருந்தன. வந்தபோது அது இல்லை என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும். கயிறு உத்திரத்தில் உராய்ந்தது. கிரீச். சிறிது நேரம். கிரீச்.

ஓரத்துத் தொட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

மற்றவை எப்போதோ நின்றுவிட்டன. வெறும் துணி சட்டென்று அடங்கும். பாரம் இருந்தால்தான் நெடுநேரம் ஆடும். போகும்போது டிலக்ஷன் பையைப் போட்டிருப்பான், குறும்புக்கு. அல்லது அந்த உதயராஜ் ஏதாவது மோட்டார் பூட்டியிருப்பான். இப்படி நினைத்தபடியே அவள் கை வயிற்றுக்குப் போயிருந்தது.

கடைசியாக எப்போது அசைந்தது?

பஸ்ஸில். படியேறும்போது. கயிற்றை இழுக்கும் முன். அதற்குப் பிறகு?

தூங்குகிறது என்று சொல்லிக்கொண்டாள். பையிலிருந்த இனிப்பு டொஃபியை வாயில் போட்டாள். இனிப்பு உள்ளே போனால் புரளும் என்று கிளினிக் மிஸ் சொல்லியிருந்தார். இடப்பக்கம் சாய்ந்து படுத்தாள். காத்திருந்தாள். டொஃபி கரைந்தது. வயிறு கல்லாகவும் இல்லை, வலிக்கவும் இல்லை. சும்மா இருந்தது. ஆள் இல்லாத வீடுபோல.

கிரீச்.

எழுந்தாள். அதை நிறுத்தினால் போதும் என்று தோன்றியது. இரண்டு கைகளாலும் தொட்டிலைப் பிடித்தாள்.

பாரம் வந்து உள்ளங்கையில் இடித்தது.

சூடு. துணிக்குள் ஏதோ மெல்லப் புரண்டது, இடமிருந்து வலமாக. அந்தப் புரளல் அவளுக்குத் தெரியும். இத்தனை மாதம் உள்ளேயிருந்து தெரிந்தது. பிறகு இரண்டு உதை. புடவைத் துணி புடைத்து, சின்னக் குதிகாலின் வடிவம் காட்டி, வழுக்கி மறைந்தது.

அவள் தொட்டிலை அப்படியே பிடித்து நின்றாள். ஆட்டம் நின்றது.

உள்ளே அசைவும் குறைந்தது. உதை இல்லை. சூடு இறங்கியது. விரல்களுக்குக் கீழே அது மெல்ல மெல்லக் குளிர்ந்தது.

அவள் கையை விட்டாள். கயிற்றைப் பிடித்தாள். இழுத்தாள்.

குதிகால் மறுபடி புடைத்தது.

வெளியே வேனின் ஹோர்ன் கேட்டது. யாரோ வாசலுக்கு வந்தார்கள். "டீச்சர், போவோமா?" நிஸார் சேரின் குரல்.

பிரஷாந்தினி திரும்பவில்லை. ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். மற்றக் கை கயிற்றை இழுத்தது. விட்டது. இழுத்தது. நிறுத்த முடியாது. இனி ஒருபோதும் நிறுத்த முடியாது.