அட்டையில் இரண்டு குழிகள்

அம்மா அன்றும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள்.

சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்து, தட்டை இடது கையில் ஏந்தி, கண்களைப் பாதி மூடிக்கொண்டு சாப்பிட்டாள். மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அக்கா, இன்னொன்றில் தம்பி. மூன்றாவது நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. யாராவது உட்கார்ந்தால் டக் டக் என்று ஆடும். அது அம்மாவுடைய நாற்காலி. பல நாட்களாக அது ஆடவே இல்லை.

"அம்மாவுக்கு உட்காரத் தெரியாதா?" என்று கேட்டான் தம்பி. அவனுக்கு ஐந்து வயது. எல்லோரும் அவனைக் குட்டி என்பார்கள்.

"தெரியும்டா. மறந்து போச்சு," என்றாள் அம்மா.

குட்டி சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

அக்காவுக்குப் பத்து வயது. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்குத் துருவி என்றே பெயர் வந்துவிட்டது. ஆனால் அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவை நிற்க வைத்தது எது என்று அவளுக்குத் தெரியும். அது மாடிப்படிக்குக் கீழே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. தபால் நிலையத்துச் சிவப்பு சைக்கிள்.

அம்மா வீடு வீடாகத் தபால் கொடுப்பவள். ஆறு வாரங்களுக்கு முன்பு வரை நடந்து போய்க் கொடுத்தாள். பிறகு மேட்டுப் பக்கத்துத் தெருக்களையும் அவள் தலையில் கட்டினார்கள். கூடவே இந்தச் சைக்கிளையும் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு முப்பத்தேழு தெருக்கள். சைக்கிள் நன்றாகத்தான் ஓடியது. அதன் சீட்டில்தான் உட்கார முடியவில்லை.

முதல் வாரம் அம்மா சீட்டின் மேல் துண்டை மடித்துப் போட்டாள். மூன்றாவது தெருவில் துண்டு நழுவிச் சங்கிலியில் சுற்றிக்கொண்டது. துண்டும் போயிற்று, சங்கிலியும் கழன்றது.

பிறகு துருவி, பழைய மெத்தையிலிருந்து பஞ்சு எடுத்து, உறை தைத்து, கயிற்றால் கட்டிக் கொடுத்தாள். அன்று மழை. பஞ்சு ஒரு வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டது. அம்மா உட்காரும்போதெல்லாம் அது 'புஸ்க்' என்று சத்தம் போட்டதாம். "ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு புஸ்க். முப்பத்தேழு தெருவும் சிரிச்சுது," என்றாள் அம்மா. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு சைக்கிள் கடை மாமா, "எடுத்துட்டுப் போங்க தங்கச்சி. சோபா மாதிரி இருக்கும்," என்று சொல்லி குறுகலான, ஆனால் கொழுத்த ஒரு சீட்டைப் போட்டுப் பார்க்கக் கொடுத்தார். அதில் உட்கார்ந்தால் அம்மா உள்ளே போய்க்கொண்டே இருந்தாள். ஐந்தே தெருக்களில் கால் மரத்துவிட்டது. பழைய சீட்டே திரும்பி வந்தது.

இப்போது அம்மா தட்டைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, தபால் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"வேலையை மாத்திக் கேட்கப் போறேன்," என்றாள். "கடிதம் பிரிக்கிற கூடத்துல ஆள் வேணுமாம். நின்னுக்கிட்டே செய்யுற வேலை. சைக்கிள் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுக்கணும்."

"நல்லதுதானே?" என்றாள் துருவி.

அம்மா குழாயை இறுக்கி மூடிப் பார்த்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ராத்திரி வேலைம்மா அது. நீங்க தூங்கப் போறப்போ நான் போவேன். நீங்க பள்ளிக்கூடம் கிளம்பினப்புறம்தான் வருவேன்."

"அப்போ எங்ககூட யார் படுத்துப்பாங்க?" என்றான் குட்டி.

"பக்கத்து வீட்டு அத்தை."

"அவங்க குறட்டை விடுவாங்க!"

"நீ மட்டும் என்னவாம்?" என்றாள் அம்மா. தாளை எழுதி, மடித்து, பையில் வைத்தாள். விளக்கை அணைத்தாள்.

மறுநாள் புதன்கிழமை, மறுபடியும் மழை. அம்மா சாயங்காலம் சொட்டச் சொட்ட வந்து வாசலில் நின்றாள். வாசல் ஈரமாக இருந்தது. துருவி ஒரு பழைய பார்சல் பெட்டியைப் பிரித்து, அந்த அட்டையைத் தரையில் போட்டாள்.

"ஒரே நிமிஷம் உட்காரும்மா. ஷூவை நான் கழட்டுறேன்."

அம்மா மெல்ல உட்கார்ந்தாள். "அம்மாடி" என்று மட்டும் சொன்னாள். துருவி காலுறைகளைப் பிழிந்தபோது, முப்பத்தேழு தெருத் தண்ணீரும் அதிலிருந்து வந்தது போல இருந்தது. அம்மா எழுந்து உள்ளே போனாள்.

துருவி அட்டையை எடுக்கக் குனிந்தாள்.

அட்டையில் இரண்டு குழிகள் இருந்தன. பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவில். துருவி அவற்றில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு குழியிலும் ஒரு விரல் சரியாக உட்கார்ந்தது.

இது எப்படி வந்தது?

அவள் தரையில் உட்கார்ந்து, தன் உள்ளங்கைகளைத் தனக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். இரண்டு எலும்புகள் கையைக் குத்தின. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறாள். இவை இங்கே இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது!

"அக்கா, ஏன் கைமேலே உட்கார்ந்திருக்கே?" என்றான் குட்டி.

"நீயும் உட்காரு. ஏதாவது குத்துதா?"

குட்டி உட்கார்ந்தான். முகம் மாறியது. "எனக்குள்ளே ரெண்டு கல்லு இருக்கு," என்றான் பயந்துபோய்.

"எல்லாருக்கும் இருக்குடா. அந்த ரெண்டு கல்லுமேலதான் நாம உட்காருறோம்."

துருவி அட்டையை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனாள். சைக்கிள் சீட் தோலால் ஆனது. பல வருடங்கள் உழைத்துக் கறுத்துப் பளபளத்தது. அவள் விரலால் தடவினாள். அதிலும் இரண்டு குழிகள் இருந்தன! ஆனால் அவை நெருக்கமாக இருந்தன.

அவள் அட்டையைச் சீட்டின் மேல் வைத்தாள். அம்மாவின் குழிகள் இரண்டும் சீட்டின் ஓரங்களைத் தாண்டி வெளியே தொங்கின.

துருவி அங்கேயே வெகுநேரம் நின்றாள். அப்படியானால், அம்மா இந்தச் சீட்டில் உட்காரவே இல்லை. ஆறு வாரங்களாக, காற்றில் உட்கார்ந்திருக்கிறாள்.

மெத்தென்று இருந்து என்ன பிரயோஜனம்? அகலம் அல்லவா வேண்டும்!

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும், துருவி அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனாள். கடை தபால் நிலையத்துக்கு எதிரே இருந்தது. மாமா ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பழைய சீட்டெல்லாம் எங்கே வச்சிருக்கீங்க?"

"மறுபடியும் சீட்டா? உங்கம்மாவுக்குச் சிம்மாசனம்தான் செய்யணும். அதோ, அந்தத் தொட்டியில கிடக்கு. பார்த்துக்கோ."

தொட்டியில் இருபதுக்கும் மேற்பட்ட சீட்டுகள் குவிந்து கிடந்தன. துருவி ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்து, மேலே அட்டையை வைத்து, குழிகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தாள். வெளியே. வெளியே. பாதி வெளியே. அவள் கைகள் கறுப்பாகிவிட்டன. முழங்கால் வலித்தது.

"என்ன பண்றே? சட்டைக்கு அளவு எடுக்கிறியா?"

"சட்டைக்கு இல்ல மாமா. உட்காருறதுக்கு."

தொட்டியின் அடியில் ஒன்று கிடந்தது. அகலமானது, தட்டையானது, அழகே இல்லாதது. மூட்டை ஏற்றும் ஒரு சைக்கிளிலிருந்து கழற்றியதாம். துருவி அட்டையை வைத்தாள். இரண்டு குழிகளும் உள்ளே விழுந்தன. இரண்டு பக்கமும் விரல் அகலம் மிச்சம் இருந்தது.

"ஐயோ, அதுவா!" என்றார் மாமா. "கல்லு மாதிரி இருக்குமே. நாலு பேர் வாங்கிட்டுப் போனாங்க. நாலு பேரும் திட்டிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து போட்டாங்க."

"அவங்க அட்டையைக் கொண்டுவந்தாங்களா?"

மாமா தலையைச் சொறிந்தார். "இல்ல. ஆனா உன் அட்டை சொல்லுதுன்னா எடுத்துட்டுப் போ. தொட்டியில இடமாவது கிடைக்கும்."

தபால் நிலையம் மூடும் நேரம். அம்மா அப்போதுதான் சுற்றி முடித்து வந்து, சைக்கிளைப் பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. கவுண்டரில் ஒல்லியான ஒருவர் மர முக்காலியில் உட்கார்ந்து முத்திரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சைக்கிள்களுக்கும் அவர்தான் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் கவுண்டர் மாமா.

துருவி விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "முடியாது," என்றார்.

"ஏன் மாமா?"

"ஆபீஸ் சாமான்ல கை வைக்கக் கூடாது. அந்தச் சீட்டுக்கு என்ன குறை? பதினோரு வருஷம் அதே சைக்கிள்ல நான்தான் சுத்தினேன். அந்தச் சீட்டு எனக்கு ஒரு நாளும் வலிச்சதில்ல. முட்டி வலின்னு என்னை உள்ளே உட்கார வச்சாங்க பாரு, அப்போ பிடிச்சது சனி. இந்த முக்காலியில மனுஷன் உட்காருவானா?" என்று சொல்லிவிட்டு இடப்பக்கம் நெளிந்தார். பிறகு வலப்பக்கம் நெளிந்தார்.

"போகலாம் வாம்மா," என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

துருவி போகவில்லை. மூலையில் கிடந்த ஒரு காலிப் பெட்டியைப் பிரித்து, அட்டையை அவரிடம் நீட்டினாள்.

"மாமா, இதுமேல ஒரு நிமிஷம் உட்காருங்க. அப்புறம் நான் போயிடுறேன்."

"என்ன விளையாட்டு இது?"

"ஒரே நிமிஷம்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே அட்டையைப் போட்டு உட்கார்ந்தார். எழுந்தார். அட்டையில் இரண்டு குழிகள், நெருக்கமாக. துருவி அதைக் கொண்டுபோய் சைக்கிள் சீட்டின் மேல் வைத்தாள். அட்டையின் குழிகள் தோலின் குழிகளுக்குள், கிண்ணத்துக்குள் கிண்ணம் போல, போய் உட்கார்ந்தன.

"இது உங்க இடம் மாமா," என்றாள் துருவி. "பதினோரு வருஷமா நீங்க பண்ணி வச்சது."

பிறகு அவள் அம்மாவின் அட்டையை வைத்தாள். குழிகள் இருபுறமும் வெளியே தொங்கின.

கவுண்டர் மாமா சைக்கிளின் அருகே வந்தார். தோல் சீட்டை உள்ளங்கையால் ஒரு முறை தடவினார். அவர் அம்மாவைப் பார்த்தார். கண்ணை மூடி நின்றுகொண்டிருந்த அவளை, அன்றுதான் முதல் முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"ஏன்மா, இத்தனை நாள் சொல்லவே இல்லையே?"

"பதினோரு வருஷம் நீங்க ஓட்டின வண்டி. நான் எப்படிண்ணே குறை சொல்றது?" என்றாள் அம்மா.

"ஆனா ஆபீஸ் சீட்டு வெளியே போகக் கூடாதே," என்று அவர் இழுத்தார்.

"வெளியே எதுக்குப் போகணும்?" என்றாள் துருவி. அவருடைய முக்காலியைப் பார்த்தாள்.

சைக்கிள் கடை மாமா ஸ்பேனருடன் வந்தார். அரை மணி நேரத்தில், கல் சீட் சைக்கிளில் ஏறியது. தோல் சீட், ஒரு துண்டுக் குழாயின் உதவியோடு, முக்காலியில் ஏறியது. கவுண்டர் மாமா அதில் உட்கார்ந்தார். நெளியவில்லை. அவர் கைகள் தாமாகவே முன்னால் நீண்டு, இல்லாத ஹேண்டில்பாரைத் தேடின.

"மணி அடிச்சுடாதீங்கண்ணே," என்றார் கடை மாமா.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா புது சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள்.

"கல்லா இருக்கே," என்றாள்.

"ஆமாம்மா," என்றாள் துருவி.

அம்மா பெடலை மிதித்தாள். ராத்திரி வேலை கேட்டு எழுதி மடித்த கடிதம் பையில்தான் இருந்தது. சைக்கிள் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

அன்று பள்ளிக்கூடத்தில் துருவிக்குக் கணக்கு ஓடவில்லை. மூன்று மணிக்கு அம்மா கடைசித் தெருவில் இருப்பாள். நாலு மணிக்குத் தபால் நிலையம். அங்கே கடிதத்தைக் கொடுத்தால் முடிந்தது. கல் என்றால் கல்தானே? நாலு பேர் திட்டியிருக்கிறார்களே?

அம்மா வழக்கம்போல் இருட்டும் நேரத்தில் வந்தாள். வழக்கம்போல் களைத்துப்போய் வந்தாள். பையை ஆணியில் மாட்டினாள். முகம் கழுவினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. துருவியும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது.

அம்மா தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டு சுவரோரம் போனாள். முதுகைச் சாய்த்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள்.

பிறகு, எதையோ மறந்துவிட்டவள் போல, சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "நான் ஏன் இங்கே நிக்கிறேன்?" என்றாள். மேசைக்கு வந்து, தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

டக் டக் என்று அது ஆடியது.

"அம்மாவுக்கு ஞாபகம் வந்துடுச்சு!" என்று கத்தினான் குட்டி.

"கால் வலிக்குதுடா," என்றாள் அம்மா. "முப்பத்தேழு தெரு. கால் மட்டும்தான் வலிக்குது."

நாற்காலி மறுபடி ஆடியது. அம்மா எழுந்து போய்ப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வந்தாள். அதை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து, குட்டைக் காலுக்குக் கீழே செருகிவிட்டு உட்கார்ந்தாள்.

நாற்காலி ஆடவில்லை.