நாலு நிமிடச் சூடு

காலை ஆறு மணிக்கு வளர்ப்பான் அல்லியின் பிடரியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, வழக்கம்போல அறிவித்தது: "நேற்றைய மனிதச் சூடு, நாலு நிமிடம்." பிறகு அவளுக்குப் பல் துலக்கிவிட்டது.

செங்குடியில் இது வானிலை அறிக்கை மாதிரி. எல்லா வீட்டிலும் ஒலிக்கும், யாரும் காது கொடுப்பதில்லை. செவ்வாய்க் கிரகத்தின் அந்தக் குடியிருப்பில் பெரியவர்களுக்குப் பனிச்சுரங்கத்தில் வேலை. பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, பாடம் சொல்லி வளர்ப்பவை வளர்ப்பான் இயந்திரங்கள். அவற்றின் மேல் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் தலைமுறைப் பிள்ளைகள் பேச்சு வந்தும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோதுதான் மருத்துவர்கள் விழித்துக்கொண்டார்கள். மனித உடம்பின் சூடு நாளுக்கு இரண்டு மணி நேரமாவது பிள்ளைக்கு வேண்டுமாம். இதைக் கண்டுபிடிக்கப் பூமியிலிருந்து ஆறு நிபுணர்கள் வந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. அன்றுமுதல் ஒவ்வொரு குழந்தையின் பிடரியிலும் அரிசி அளவில் ஒரு சூட்டுமானி. சூடு குறைந்த வீடுகளுக்குப் போய்ப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள 'மடியாள்' என்று ஓர் உத்தியோகமும் வந்தது.

செண்பகம் அந்த உத்தியோகத்துக்குத்தான் ஒன்பது மாதமாக முட்டி மோதிக்கொண்டிருந்தாள். அதற்கு முன் அவள் வேலை என்று எதற்கும் போனதில்லை. சுரங்கம் சரிந்து கணவன் போன பிறகு, போயே தீரவேண்டிய நிலை. உழைப்பவர் இல்லாத வீட்டுப் பிள்ளையை ஆறு வயது நிறைந்ததும் பொது விடுதிக்கு எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் வருடத்துக்கு ஒரு நாள்தான் கண்ணில் காட்டுவார்கள். அவள் மகள் அல்லிக்கு ஆறு நிறைய இன்னும் இருபது நாள் இருந்தது.

தேர்வுக்கு முன் பயிற்சி முடிக்கவேண்டும். நிர்வாகம் ஒரு பொம்மையைக் கொடுத்திருந்தது. எட்டுக் கிலோ கனம். அழும், சிணுங்கும், தோளில் போட்டு ஆட்டினால் தூங்கும். மூவாயிரம் மணி நேரம் அதைச் சுமந்தால்தான் தேர்வுக்கூடத்துக்குள்ளேயே விடுவார்கள். ஆட்டியது, தட்டியது, பாடியது எல்லாவற்றையும் பொம்மை உடனுக்குடன் அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். சொந்தப் பிள்ளையைத் தூக்கினால் அதற்கு மதிப்பெண் கிடையாது.

செண்பகம் நல்ல குரலில் பொம்மைக்குத் தாலாட்டுப் பாடினாள். அல்லி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது தூங்கிருச்சு. எறக்கி வெச்சிட்டு என்னத் தூக்கும்மா."

"எறக்குனா முழிச்சிரும் தங்கம். மார்க் போயிரும். கொஞ்சம் இரு."

"எம்புட்டு நேரம்?"

"பரிச்சை முடியட்டும். அப்புறம் அம்மா ஒன்ன எறக்கவே மாட்டேன்."

அல்லி தூக்கிய கைகளோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு வளர்ப்பானிடம் போய் அதன் தகட்டு மார்பில் சாய்ந்துகொண்டாள். தகடும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், ஆனால் சூட்டுமானி அதைச் சேர்த்துக்கொள்ளாது. அது காட்டிய நாலு நிமிடம், காலையில் செண்பகம் அவளுக்குத் தலை பின்னிவிடும் நேரம்.

தேர்வில் செண்பகம் முதலாவதாக வந்தாள். நியமன அதிகாரி ஆரோக்கியசாமி நிதானமான மனிதர். அவளை உட்காரச் சொல்லித் திரையைத் திருப்பினார்.

"மொத எடம் எடுத்தவங்களுக்கு, சூடு ரொம்பக் கொறைஞ்ச பிள்ளையத்தான் ஒதுக்கணும்னு விதி. ஊருலயே கடைசி இந்தப் பொண்ணு. பேரு அல்லி. அஞ்சு வயசு, எரநூத்திப் பன்னெண்டாம் வீடு."

செண்பகத்துக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனாலும் அந்த வெட்கத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. சொந்த மகளை மடியில் வைத்துக்கொள்வதே வேலை என்றால் யாருக்குக் கசக்கும்?

"அது எம் மவதான் சார். நானே பாத்துக்கிடுதேன்."

ஆரோக்கியசாமி கண்ணாடியைக் கழற்றினார். "சொந்தத் தாய மடியாளாப் போட விதியில எடமில்லம்மா. வீட்டுல உள்ளவங்களால முடியலன்னுதான் ஒரு பேரு இந்தப் பட்டியல்லயே வருது. ரெண்டாவதா வந்தவங்க ஒங்க வீட்டுக்குப் போவாங்க. நீங்க அடுத்த பேருக்குப் போங்க."

"அவளுக்காகத்தான் சார் படிச்சேன்."

"இந்த நாற்காலியில ஒக்காந்த எல்லாரும் இதத்தாம்மா சொன்னாங்க. பிள்ளை விடுதிக்குப் போகாது, ஒங்க வீட்டுலயேதான் இருக்கும். அதுக்குத்தான வேலை தேடுனீங்க?"

அதற்குத்தான். செண்பகம் கையெழுத்துப் போட்டாள். நாளுக்கு ஆறு வீடு, வீட்டுக்கு இரண்டு மணி நேரம். அவள் திரும்பும்போது அல்லி தூங்கியிருப்பாள்.

மறுநாள் காலை அவள் கிளம்புகிற நேரத்தில், இரண்டாவதாக வந்த பெண் வாசலில் வந்து நின்றாள். அல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க எம்புட்டு நேரம் தூக்குவீங்க?"

"ரெண்டு மணி நேரம்டா கண்ணு."

"நடுவுல எறக்க மாட்டீங்களே?"

செண்பகம் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். திரும்பினால் கிளம்ப மனம் வராது, வேலையும் போய்விடும், பிள்ளையும் விடுதிக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

பட்டியலில் அடுத்த பெயர் சாலமன், நாலு வயது. அந்த வீட்டுக் கதவை வளர்ப்பான் திறந்தது. உள்ளே ஒரு பெண், எட்டுக் கிலோ பொம்மையைத் தோளில் போட்டு ஆட்டியபடி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். பையன் அவள் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தான்.

செண்பகம் அவள் அருகில் போனாள். "அக்கா, அத எறக்கி வெச்சிட்டு இவனத் தூக்குங்கக்கா."

அந்தப் பெண் உதட்டில் விரல் வைத்தாள். "சத்தம் போடாதீங்க. எறக்குனா முழிச்சிரும், மார்க் போயிரும். இன்னும் பன்னெண்டு மணி நேரந்தான் பாக்கி. எல்லாம் அவனுக்காகத்தான்."

செண்பகம் தரையில் உட்கார்ந்து சாலமனை மடியில் ஏற்றிக்கொண்டாள். அவன் ஒன்றும் கேட்காமல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பழகிய கைகள் தாமாகவே அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தன. பொம்மையைவிடப் பையன் நல்ல கனம். அல்லி இவனைவிடக் கனமாக இருப்பாளா, இலேசாக இருப்பாளா என்று யோசித்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை.