நொச்சிக் கூற்றத்தார் மரியாதை

மேற்கே சாய்ந்த கதிரவன் பேரேரியின் நீர்ப்பரப்பெங்கும் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த வேளையில், நொச்சிக் கூற்றத்துத் தலைவர் காரி வேளான், தம் மகள் நங்கை நீட்டிய வெள்ளரிப் பிஞ்சைக் கடித்து, "கசக்கிறது, ஆனாலும் நம் கொல்லையில் காய்த்தது" என்று மிச்சத்தையும் தின்று முடித்தார். பிறகு மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை.

நங்கைக்கு அழவும் நேரமில்லை. ஆற்றின் அக்கரையில் பகைவர் படை காத்திருந்தது. வேளான் உயிரோடிருக்கும்வரை அதற்கு ஆற்றைக் கடக்கத் துணிவில்லை. அவர் மறைந்தது தெரிந்தால் அன்றிரவே கடந்துவிடும். சோழர் குதிரைப்படையோ மறுநாள் காலையில்தான் வரும். ஆகவே உடலை உள்ளறையில் கிடத்தி, சாவை வெளியே சொல்லலாகாது என்று ஊராருக்கு ஆணையிட்டு, எல்லோரையும் வழக்கம்போல் ஏரிக்கரைக்கு மண் சுமக்க அழைத்துச் சென்றாள்.

அன்பார்ந்த வாசகர்களே, இந்தக் கூற்றத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே ஊர்கள் பல. சண்டைகள் அவற்றினும் பல. நீருக்குச் சண்டை, வரப்புக்குச் சண்டை, இரண்டும் தீர்ந்தால் யாரால் தீர்ந்தது என்று சண்டை. ஆனால் ஒரு சாவு விழுந்துவிட்டால், சிதை அடங்கும்வரை ஒருவரும் குரல் உயர்த்த மாட்டார்கள்.

நிலவு எழுந்தபோது, சடைமுடியும் திருநீறுமாக ஒரு துறவி கரையேறி வந்தார். ஏரிநீரைக் குடிக்கும் அயலார் ஒரு கூடை வண்டலாவது சுமக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். துறவியும் கூடையை ஏற்றுக்கொண்டு வரிசையில் நின்றார்.

"முதல்ல நீங்க போங்க, மாமா" என்றான் மேலூர்ச் செங்கணான்.

"பரவாயில்லை மாப்பிள்ளை, நீங்க போங்க" என்றார் கீழூர் முனையன்.

இருவரும் தத்தம் காளைக்கு மற்றவர் பெயரை வைத்து அடிப்பவர்கள்!

துறவி புருவத்தை உயர்த்தினார். "நங்காய், நொச்சிக் கூற்றத்தார் இவ்வளவு இனியவர்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லையே! யாரேனும் பெரியவர் இறந்துவிட்டாரோ?"

நங்கை புரிந்துகொண்டாள். வந்தவன் ஒற்றன்! ஊராரின் மரியாதையே நாட்டைக் காட்டிக்கொடுக்கப் போகிறது. சண்டை மூள வேண்டும். தந்தையின் உடல் வீட்டில் கிடக்க, மகளே அதை மூட்ட வேண்டும். 'பொறுத்துக்கொள்ளுங்கள், அப்பா' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு ஒரு கை வண்டலை அள்ளி முனையன் மார்பில் எறிந்தாள்.

"ஏன் காணும் முனையரே! எங்கள் மடையை உடைத்தவர் நீர்தானே? என் தந்தை வரட்டும், உம் தோலை உரிக்கச் சொல்கிறேன்!"

முனையன் திகைத்தார். துறவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு முழங்கினார்: "நானா உடைச்சேன்? உடைச்ச திருட்டுப் பய இதோ நிக்கிறான், செங்கணான்!"

"யாரைத் திருடன்கிற? உங்க தாத்தன் எங்க வரப்பை நகர்த்தினது மறந்துபோச்சா?"

"தாத்தனை இழுத்தியா? இழுத்தியாடா?"

நடிப்பாகத் தொடங்கியது நொடியில் நிஜமாயிற்று. ஒருத்தி காணாமற்போன தன் கோழியைக் கேட்டாள். வண்டல் கூடைகள் பறந்தன. ஒன்று துறவியின் தலையில் இறங்கியது. சடைமுடி நழுவி விழ, எண்ணெய் வழிய வாரிய குடுமி வெளிப்பட்டது.

"அடிகளே, தங்கள் தவம் கீழே விழுந்துவிட்டது" என்றாள் நங்கை. "சற்றுப் பொறுங்கள். என் தந்தை இதோ வந்துவிடுவார். தம் கையாலேயே கட்டிவிடுவார்."

ஒற்றன் பொறுக்கவில்லை. கரைக்கு அப்பால் ஓடிய ஆற்றில் பாய்ந்து நீந்தினான். துரத்தப் போனவர்களை நங்கை தடுத்தாள்: "போகட்டும், போய்ச் சொல்லட்டும்!"

அவன் போய்ச் சொன்னான். அன்றிரவு ஒரு பகைவனும் ஆற்றைக் கடக்கவில்லை.

விடியலில் சோழர் குதிரைப்படை எழுப்பிய புழுதி தெரிந்த பிறகுதான் நங்கை வாய்விட்டு அழுதாள். பாடையின் முன்பக்கத்தை முனையனும் செங்கணானும் ஒருவரோடொருவர் பேசாமல் சுமந்தார்கள். சிதை அடங்கியதும் மதகைத் திறந்தார்கள்.

எத்தனை சண்டை இருந்தாலும், எப்போதும்போல் முதல் நீர் கோடியிலிருந்த கடைமடை வயல்களுக்கே போயிற்று.