அழுமூஞ்சியும் பயந்தாங்கொள்ளியும்

கைதட்டல் சத்தம் சரியாகத்தான் பதிந்திருந்தது. கைதான் ஒன்று குறைந்தது.

அவள் வீடியோவை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி ஓடவிட்டாள். கணினித் திரையில் அவளேதான் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதே பச்சை நைட்டி, அதே வாராத தலை. பதிவு தொடங்கியதும் திரையில் இருந்தவள் வலது கையை மட்டும் தூக்கி, உள்ளங்கையைப் பக்கவாட்டில் காட்டினாள். அங்கே யாரும் இல்லை. பட்டென்று கைதட்டல் கேட்டது. ஆனால் காலையில் இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மோதிரம் இடித்து விரல் வலித்ததுகூட நினைவிருந்தது.

முகம் போனில் பதிகிறது. குரல் நெஞ்சில் குத்திக்கொள்ளும் குட்டி மைக்கில் தனியாகப் பதிகிறது. பிறகு இரண்டையும் பொருத்த ஓர் அடையாளம் வேண்டும். அதற்குத்தான் தொடக்கத்தில் அந்த ஒரு தட்டு. தங்கை இருந்தவரை அக்காவின் வலது கையும் தங்கையின் இடது கையும் பக்கவாட்டில் மோதிக்கொள்ளும். தங்கை போய் ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். பழக்கத்தில் கை தானாக அந்தப் பக்கம் போயிருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டாள். சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டு வருடமாக ஒரு பேய்த் தொடர்தான் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. புதிய பகுதி வந்ததும் இருவரும் கட்டிலில் ஏறி உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்ப்பதையே படம்பிடித்து மாலை ஆறு மணிக்கு இணையத்தில் தங்கள் சேனலில் வெளியிடுவார்கள். இன்னொருவர் தொடர் பார்ப்பதை உட்கார்ந்து பார்க்கவும் உலகத்தில் முப்பதாயிரம் பேர் இருந்தார்கள். “உங்களுக்குத்தான் வேலை வெட்டி இல்ல, அவங்களுக்குமா இல்ல?” என்பாள் அம்மா. பேய் வருவதற்கு முன்பே தங்கை தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அக்கா பேய்க்காகவும் அழுவாள். பாவம், அது செத்துப்போய்விட்டதே என்று. சேனலுக்கு ‘அழுமூஞ்சியும் பயந்தாங்கொள்ளியும்’ என்று பெயர் வைத்தது தங்கைதான்.

அந்த அழுமூஞ்சி, தங்கையைக் கொண்டுபோன அன்று அழவில்லை. பிறகும் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். மிச்ச மருந்துகளைக் கடையில் திருப்பிக் கொடுத்தாள். பத்தாம் நாள் வேலைக்குப் போனாள். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, அவ்வப்போது தங்கையின் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். தொடுவது தெரிந்தது. வலி தெரியவில்லை.

இன்று தொடரின் கடைசிப் பகுதி. கதையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதன் லிஃப்ட் யாரும் அழுத்தாமலே நாலாவது மாடியில் வந்து நிற்கும், கதவு மட்டும் திறக்காது. கடைசியில் திறக்கும்போது உள்ளே யார் இருப்பார் என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். “உள்ள யாருமே இருக்க மாட்டாங்கக்கா. அதான் பயமே,” என்று தங்கை பந்தயம் கட்டியிருந்தாள். காலையில் கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. அதைப் பார்த்தபோது அவள் நினைத்தது, மெஷினில் துவைத்த துணியை இன்னும் உலர்த்தவில்லையே என்பதைத்தான்.

இப்போது பிற்பகல் மூன்று மணி. மேசை சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. கட்டில் அவள் முதுகுக்குப் பின்னால். திரைச்சீலை மூடிய அறையில் அழுக்கு மஞ்சளாக வெயில் கசிந்துகொண்டிருக்க, தங்கையின் தலையணையிலிருந்து இன்னும் காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாசனை வந்துகொண்டிருக்க, கதவுக்கு அந்தப் பக்கம் ஃபிரிட்ஜின் முனகலும், குளியலறைக் குழாயின் சொட்டும், பக்கத்து வீட்டு மோட்டாரின் இரைச்சலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் கேட்டுக்கொண்டிருந்தன. அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

லிஃப்ட் வரும் இடத்தில் நிறுத்தினாள். மறுபடி பார்த்தாள். திரையில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அலறினாள். அதற்கு இரண்டு நொடி கழித்துத்தான் லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் வந்தது.

அவள் வேலை பார்ப்பது காது பரிசோதனை செய்யும் கிளினிக்கில். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, கையில் பட்டனைக் கொடுத்து, பீப் கேட்டால் அழுத்துங்கள் என்று சொல்லி வெளியே வந்து உட்கார்வாள். பதற்றக்காரர்கள் சத்தம் வருமுன்னே அழுத்திவிடுவார்கள். அவர்களை அங்கே ‘முந்திரிக்கொட்டை’ என்பார்கள். சுத்தமாகக் காது கேட்காதவர்கள் வேறு மாதிரி. பட்டனைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியே அவள் முகத்தைப் பார்த்தபடி, பொறுமையாகக் காத்திருப்பார்கள். சோதனை பாதி முடிந்த பிறகு, “இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று கேட்பார்கள்.

பொருத்தியது பிசகியிருக்கும் என்று அவள் கைதட்டலை மறுபடி சரிபார்த்தாள். பிசகவில்லை. திரையில் இருந்தவள்தான் முந்திக்கொண்டிருந்தாள். அதைவிட, அவள் அலறியிருந்தாள். காலையில் இந்த வாய் ஒரு கொட்டாவிக்குக்கூடத் திறக்கவில்லை.

கதவு திறந்தது. அம்மா டீ டம்ளரோடு நின்றாள். அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

“முடிஞ்சுதா?”

“இன்னும் இல்லம்மா. சேர்த்துட்டிருக்கேன்.”

“கதை என்னாச்சு? அந்த லிஃப்ட் திறந்துச்சா?”

“திறந்துச்சு. உள்ள யாரும் இல்ல.”

“அவ சொன்ன மாதிரியே.” அம்மாவின் குரல் உடைந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “உனக்கு ஒண்ணுமே தோணலையாடி?”

“தெரியலம்மா.”

“நீ அழுதா மடியில போட்டுத் தேத்துவேன். இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருந்தா நான் என்னதான் பண்றது? எனக்குன்னு மிச்சம் இருக்கிறது நீ ஒருத்திதானே.”

அவளுக்கு வெட்கமாக இருந்தது. துக்கம் வராதவளுக்கு வெட்கம் மட்டும் எப்படி வருகிறது என்று தெரியவில்லை. எழுந்து அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். நினைப்பு கைகால்வரை போய்ச் சேரவில்லை. டம்ளரை வாங்கி மேசையில் வைத்தாள். அம்மா கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீடியோவை ஓடவிட்டாள்.

திரையில் இருந்தவள் அழுதுகொண்டிருந்தாள். பழைய அழுமூஞ்சி அழுகை; மூக்கு சிவந்து, உதடு கோணி, தோள் குலுங்கி. பார்க்கப் பொறாமையாக இருந்தது. அழுதபடியே வலது பக்கம் திரும்பி, வெறும் இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“நீ சொன்னபடியே காலிடி.”

பிறகு ஓர் இடைவெளி. யாரோ பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு.

அவள் ஒலியைக் கூட்டினாள். முழுக்கக் கூட்டினாள். இடைவெளியில் ஒன்றும் இல்லை. குழாய்ச் சொட்டு மட்டும்.

“இல்லடி, அம்மா ரொம்பக் கேக்குறா,” என்றாள் திரையில் இருந்தவள். “என்னை மடியில போட்டுக்கணுமாம்.”

இடைவெளி.

“இவளா? இவளுக்கு எதுவும் வரல. சும்மா உக்காந்திருக்கா.”

இடைவெளி. இது நீண்டது. திரையில் இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தாள். தலையாட்டினாள். சிரிக்கவும் செய்தாள்.

“சரி, வா. போலாம்.”

கட்டிலிலிருந்து இறங்கினாள். கேமராவை நோக்கி வந்தாள். நெருங்கி வந்த முகம் திரையை நிறைத்தது. ஒரு கணம் நேராக இவளைப் பார்த்தது. அவசரத்தில் கிளம்புகிறவர்கள் வீட்டைப் பூட்டும்முன் பார்க்கிற பார்வை. பிறகு இடது பக்கமாக விலகிவிட்டது.

கட்டில். சுவர். இரண்டு தலையணை. இன்னும் பதினாலு நிமிடம் பதிவு இருந்தது.

மைக் அவளோடு போயிருந்தது. அதனால் சத்தம் நிற்கவில்லை. வெறுங்கால் நடக்கும் சத்தம். இரண்டு பேர் நடக்கும் சத்தம். கதவுக் கைப்பிடி. ஃபிரிட்ஜின் முனகல் கிட்டே வந்தது, கடந்து போனது. பிறகு அம்மாவின் குரல், காதுக்குள்ளேயே பேசுவதுபோல்.

“என்ன கண்ணு? ஏன் அழற? ஐயோ... வா, வா இங்க.”

துணி உரசியது. விம்மல். மைக்கில் இடித்து இடித்து அடக்க முடியாமல் வரும் விம்மல்.

“அழு. நல்லா அழுதுடு. அம்மா இருக்கேன்ல?”

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

அமைதி.

மோட்டார் இல்லை. குழாய் இல்லை. ஃபிரிட்ஜ் இல்லை. மறுபடி காதில் வைத்தாள். அம்மாவின் கை ஒரு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது, தட், தட், தட். கழற்றினாள். ஒன்றும் இல்லை. மேசையைத் தட்டினாள். விரல் பலகையில் பட்டது. சத்தம் வரவில்லை. டீ டம்ளரைத் தொட்டாள். சூடும் தெரியவில்லை. நெஞ்சில் கை வைத்தாள். துடிப்பைத் தேடினாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டாள்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

கூடத்துச் சோபாவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு தலை. வாராத தலை. பச்சை நைட்டியின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சுப் பக்கம் மைக்கின் சிவப்புப் பொட்டு எரிந்தது. அம்மாவின் முகத்தில் கண்ணீரும் நிம்மதியும் ஒன்றாக வழிந்தன. ஐம்பத்திரண்டு நாளாக அவளுக்குக் கிடைக்காத நிம்மதி.

“அம்மா,” என்றாள் அவள். வாய் அசைந்தது தெரிந்தது.

அம்மா நிமிர்ந்தாள். கதவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், காற்றில் திறந்துகொண்ட கதவைப் பார்ப்பதுபோல. மறுபடி குனிந்து, மடியில் இருந்தவளின் நெற்றியில் ஒட்டிய முடியை விலக்கிவிட்டாள்.

மடியில் இருந்தவள் முகத்தைத் திருப்பாமலே வலது கையை மெல்லத் தூக்கினாள். உள்ளங்கையைப் பக்கவாட்டில், சோபாவின் காலி இடத்தை நோக்கிக் காட்டினாள். அந்த உள்ளங்கையின் சதை சட்டென்று தட்டையாக அமுங்கியது. எதிர்ப்பக்கம் ஒரு கை இருந்தால் மட்டுமே அப்படி அமுங்கும். அம்மாகூடத் திடுக்கிட்டு அந்தப் பக்கம் பார்த்தாள். பார்த்தவள் வாயைப் பிளந்தாள். கத்துகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலை அதன்மேல் வைத்து, அம்மாவின் முகத்தையே பார்த்தபடி, சத்தத்துக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தாள்.