கழுத்தில் ஏறிய சாட்சி

"ஆ...!"

அலறல் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது.

மணப்பெண் அறை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள் அவள். வருங்கால மாமியார் அவள் கழுத்தில் ஓர் ஆரத்தைப் போட்டு, கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுச் சீர்ம்மா. எப்படியிருக்கு?"

ஆரத்தின் மூன்றாவது பூவில் ஒரு கோணல் பற்றவைப்பு.

அவளே பற்றவைத்தது!

நகைக்கடையில் பழுது பார்ப்பது அவள் வேலை. பத்து நாள் முன்பு யாரோ முதலாளியின் மண்டையை உடைத்துக் கொன்றுவிட்டு, இதே ஆரத்தோடு மாயமாகியிருந்தார்கள்.

கொலைகார வீட்டிலா வாழப் போகிறேன்...?

"முகம் கழுவிட்டு வந்துடறேன் அத்தை."

குளியலறைக்குள் பாய்ந்து தாழ் போட்டாள். ஜன்னலில் கம்பி. வெளியே போக ஒரே வழி... மாமியார் நிற்கும் அறை!

போனை எடுத்தாள். விசாரணையின்போது இன்ஸ்பெக்டர் கொடுத்த நம்பர்.

"சார்! அந்த ஆரம் இப்ப என் கழுத்துல இருக்கு!"

"கழட்டாதீங்க. கதவையும் திறக்காதீங்க. பத்தே நிமிஷம்!"

கதவு தடதடத்தது.

"என்னம்மா ஆச்சு? எல்லாரும் காத்திருக்காங்க!" மாமியார்.

"உடம்பு முடியலையா?" மாப்பிள்ளை. நேற்று வரை இனித்த குரல்... இன்று தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"திறம்மா! சபையில மானம் போகுது!"

அப்பா!

"அப்பா... அவங்க பக்கத்துல நிக்காதீங்க! தள்ளி வந்துடுங்க!"

பூட்ஸ் சத்தம். இன்ஸ்பெக்டரின் குரல்.

"நான்தாம்மா. திறங்க."

திறந்தாள். மாமியாரைக் காட்டினாள்.

"இவங்கதான் சார் போட்டுவிட்டாங்க!"

"ஐயையோ! எங்களுக்கு ஏதுங்க இவ்வளவு பெரிய ஆரம்?" மாமியார் பதறினாள். "சொந்தக்காரங்க முன்னால எங்க சீர் இளப்பமாத் தெரியக் கூடாதுன்னு சம்பந்திதான் நேத்து ரகசியமாக் கொடுத்தாரு. நாங்க போட்ட மாதிரி போடச் சொன்னாரு!"

சம்பந்தி...?

எல்லாக் கண்களும் அப்பா மேல் திரும்பின.

"நீ பழுது பார்த்த ஆரம்னு தெரியாதும்மா... ஒரு நாள் இரவல்தான் கேட்டேன்..." அப்பாவின் குரல் உடைந்தது. "பெரிய இடத்துச் சம்பந்தம்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருந்தேன். உன் முதலாளி சிரிச்சான்... மேஜையில சுத்தியல் கிடந்துச்சு..."

அவள் அப்பா பக்கம் ஓர் அடி வைத்தாள். ஆரம் கழுத்தை நெரித்தது.

"நான்தானேப்பா போன் பண்ணேன்..."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"ரெண்டு வீட்டுச் சீரையும் ஒரே ஆளா பார்த்துக்கிட்டீங்க! கையை நீட்டுங்க சார்... காப்பு மட்டும் எங்க செலவு!"